இரண்டாம் பாதியை அவள் சொன்னாள்

காலை ஐந்து பத்து. பால் பாக்கெட் வாங்கத் தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவந்த ஆட்டோ ஒன்று ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே என்னைக் கடந்தது. ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் என் வலது கால் செருப்பைக் கண்டேன். அது எனக்குப் பின்னால், மின்கம்பத்தருகே தனியாகக் கிடந்தது. குனிந்து காலைப் பார்த்தேன். வெறுங்கால் ஈரத்தில் ஊன்றியிருந்தது. எனக்கு ஈரம் தெரியவில்லை.

மதியத்துக்குள் இரண்டு பாதங்களும் பஞ்சுமூட்டை போல ஆகிவிட்டன. மாடிப்படி ஏறப் போனவன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். என் மனைவி ஃப்ளோரா கீழேயிருந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க வெளயாட்டு இது?" என்றாள். மேலே வந்து என் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் துறைமுகச் செய்திகள், மீதிக் காலம் உதவி ஆசிரியர் மேசை. ஒரு விபத்துச் செய்தி வந்தால் முதலில் நான் தேடுவது காரணத்தை. காரணம் இல்லாத செய்தியைத் திருப்பி அனுப்பியே பழகியவன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதும் அதே பழக்கத்தில்தான் தொடங்கினேன். இதைத் திருப்பி அனுப்ப எனக்கு மேலே யாரும் இல்லாததால் இது அச்சுக்குப் போகிறது.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் உத்தேசச் செலவைச் சொன்னார்கள். ஃப்ளோரா அதைக் கேட்டுவிட்டு என்னை மறுபடி ஆட்டோவில் ஏற்றினாள். அரசு மருத்துவமனையின் நரம்பியல் வார்டில் இடம் கிடைத்தது. ஸ்கேன் அறைக்கு நீண்ட தாழ்வாரம். ஸ்ட்ரெச்சர் எதுவும் காலியாக இல்லை. எங்கள் அன்பியத்தின் தலைவர் சூசை அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனார். அன்பியம் என்பது எங்கள் தேவாலயப் பங்கில் தெருத்தெருவாகக் கூடி ஜெபமாலை சொல்லும் குடும்பங்களின் குழு. சூசை அண்ணன் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். அவரைப் பற்றிப் பின்னால் கடுமையாகச் சொல்லப் போகிறேன். அதனால் முதுகில் தூக்கியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு ஓர் இளம் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம்.

"சமீபத்துல வயித்துப்போக்கு இருந்துச்சா?"

இருந்தது. சில நாட்கள் இருந்து போய்விட்டது.

"அந்தக் கிருமிய உங்க உடம்பு அடிச்சு விரட்டிடுச்சு. ஆனா அதுக்கப்புறமும் அடிக்கிறத நிறுத்தல. உங்க நரம்பு மேல ஒயர்ல இருக்கற மாதிரி ஒரு உறை இருக்கு. அதையும் கிருமின்னு நெனச்சி அடிச்சிட்டிருக்கு."

"என் உடம்பே என்னையா?"

"ஆமா சார். உங்களக் காப்பாத்தறதா நெனச்சிகிட்டு."

காலில் தொடங்கி மேலே ஏறும் நோய் இது. எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானோர் பிழைத்து எழுந்து நடந்துவிடுகிறார்கள். நெஞ்சுக்கு ஏறி, மூச்சு இழுக்கும் தசைகள் சோர்ந்துபோனால்தான் ஆபத்து. பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதுதான் மருந்து. காப்பீட்டு அட்டைக்காக ஃப்ளோரா ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றாள்.

டாக்டர் அவளிடம் ஒரு வேலை கொடுத்தார். மணிக்கு ஒரு முறை என்னை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லி, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வைக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். "விரல்ல மாட்டியிருக்கற மிஷின நம்பாதீங்க. அதுல நம்பர் விழறப்ப லேட் ஆயிருக்கும். அவருக்கே கூட மூச்சு குறையறது தெரியாது" என்றார்.

ஒரு நாள் எண்ணினேன். அலுத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னியப்பன் தன் பங்குக்குக் கிண்டல் செய்தார். திருவொற்றியூர்க்காரர், துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்தவர், கறுப்புச் சட்டைக்காரர். பக்கவாதத்தில் இடது கை விழுந்து போய்க் கிடந்தார்.

"தலைவா, உன் பேரு ஆரோக்கியசாமி. படுத்துகினு கீறது நரம்பு வார்டுல. மணிக்கு ஒரு தபா ஒண்ணாங் கிளாஸ் பாடம் வேற. யாரு இன்னா பாவம் பண்ணது?"

ஃப்ளோராதான் அந்த யோசனையைச் சொன்னாள். "எண்றதுக்குப் பதிலா அருள் நிறைந்த மரியே சொல்லுங்களேன். ஒரே மூச்சுல எதுவரைக்கும் போறீங்கன்னு நான் பாத்துக்கறேன். செபம் சொன்ன மாதிரியும் ஆச்சு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் செபத்தில் வளர்ந்தவள். பிள்ளை வேண்டி இரண்டு முறை பாதயாத்திரை போனாள். பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக அவள் செபத்தை நிறுத்தவில்லை. யாரிடமும் விளக்கமும் கேட்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவன், அதுவும் பின் வரிசை. ஆனாலும் செபம் மனப்பாடம். முதல் தடவை தொடக்கம் முதல் ஆமென் வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஃப்ளோரா சிரித்தாள். நர்ஸிடமும் இதைச் சொல்லிவைத்தாள்.

எங்கள் ஊர் ஜெபமாலையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செபத்தை ஒருவர் முழுக்கச் சொல்வதில்லை. முன்னால் இருப்பவர் முதல் பாதியைச் சொல்வார். இயேசுவின் பெயர் வந்ததும் மற்றவர்கள் இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்வார்கள். பேசப் பழகும் வயதிலிருந்தே இப்படித்தான். வயதானவர் ஒருவர் நடுவில் மூச்சு வாங்கி நின்றால், நின்ற இடத்திலிருந்து கூட்டம் எடுத்து முடித்துவிடும். அது உதவி என்றுகூட யாரும் நினைப்பதில்லை. வாய் தானாகச் செய்யும்.

மறுநாள் பிற்பகல் இயேசுவின் பெயரோடு என் மூச்சு முடிந்தது. ஃப்ளோரா கண்ணை மூடியிருந்தாள். இரண்டாம் பாதியை அவள் சொன்னாள். ஆமென் என்று இருவரும் சொன்னோம். எனக்கும் செபம் முடிந்ததாகவே தோன்றியது. அடுத்த மணி நேரத்தில் முதல் பாதியின் நடுவிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து அவள் எடுத்து, எங்கள் இறப்பின் வேளைக்காக வேண்டும் இடம் வரை அமைதியாகச் சொல்லி முடித்தாள்.

மாலை மருந்து கொடுக்க நர்ஸ் வந்தார். "எதுவரைக்கும் சொன்னாரும்மா?"

"முழுசா சொன்னாரு சிஸ்டர்."

நர்ஸ் என் கழுத்தைப் பார்த்தார். மூச்சு இழுக்கும்போது கழுத்துத் தசைகள் புடைத்துக்கொண்டிருந்தன என்று பின்னால் சொன்னார்கள். "அவரு சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

ஃப்ளோரா என் பக்கம் திரும்பினாள். நர்ஸ் என்னை எண்ணச் சொன்னார். ஐந்தோடு நின்றுவிட்டேன். அதன் பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் இணைத்தார்கள். மூச்சு இழுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கையும் காலும் அசையாது. பேச முடியாது. ஆனால் இந்த நோய் மூளையைத் தொடுவதில்லை. காது நன்றாகக் கேட்கும். எவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் குறுக்குக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

பார்வை நேரத்தில் ஒருவர் மட்டும் வரலாம். ஒரு நாள் சூசை அண்ணன் வந்தார். என் தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டுக் காதருகே குனிந்தார். "ஆரோக்கியம், பயப்படாத. ஆண்டவர் தனக்குப் புடிச்சவனத்தான் சோதிப்பாரு. யோபுவுக்கு எல்லாம் போச்சு. அப்புறம் ரெட்டிப்பா திரும்பக் கெடச்சுது இல்ல?"

பைபிளில் வரும் அந்த யோபுவுக்குப் பிள்ளைகளும் செத்துப் போனார்கள். பிற்பாடு பிறந்தவர்கள் வேறு பிள்ளைகள். செத்தவர்களைப் பற்றி அதன் பிறகு அந்தக் கதையில் பேச்சில்லை. அடிக்கோடிட்டுக் கேட்க வேண்டிய இடம் அது. குழாயைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண்ணில் நீர் வந்தது. அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் உதவிப் பங்குத்தந்தை ஃபாதர் ரெக்ஸ் நோயாளிக்கான செபம் சொல்லி எண்ணெய் பூச வந்தார். இளைஞர், படித்தவர், சூசை அண்ணனைப் போல உறுதியாகப் பேசமாட்டார். "கடவுள் இத விரும்பல. அனுமதிச்சிருக்கார். ரெண்டும் வேற வேற" என்றார்.

துறைமுகச் செய்தி எழுதியவனுக்கு அனுமதி என்ற சொல் புதிதில்லை. எண்ணூர் கழிமுகத்தில் மீன் செத்து மிதந்த நாட்களில் நேரில் போயிருக்கிறேன். யாரைக் கேட்டாலும் யாரும் எதையும் செய்திருக்கவில்லை. எங்கோ எதற்கோ அனுமதி மட்டும் இருந்தது. செய்தவருக்கும் விட்டுவிட்டவருக்கும் உள்ள வித்தியாசத்தை முகத்துவாரக்குப்பத்து மீனவர் யாரும் என்னிடம் ஏற்றுக்கொண்டதில்லை. தடுக்கும் சக்தி உள்ளவர் தடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் கட்சி.

மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரத்திலிருந்து தீமை வருகிறது என்றும் ஃபாதர் சொன்னார். கொலைக்கும் கொள்ளைக்கும் அது பொருந்தலாம். என் குடலுக்குள் வந்த கிருமிக்கு எந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தார்? என் நரம்பைத் தின்ற அணுக்கள் எந்தப் பாவத்தைத் தேர்ந்தெடுத்தன?

கடைசியில் அவர் சொன்னது வேறு மாதிரி. "அவர் மேல இருந்து வேடிக்க பாக்கல. சிலுவைல இருக்கார். உங்களோட சேர்ந்து மூச்சு வாங்கிட்டிருக்கார்."

அதை மட்டும் என்னால் சட்டென்று வெட்டித் தள்ள முடியவில்லை. சிலுவையில் தொங்குபவர் மூச்சுத் திணறித்தான் இறப்பார் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் எரிச்சல் போகவில்லை. என்னோடு சேர்ந்து மூச்சு வாங்குபவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு மூச்சைக் கொடுப்பவரல்லவா வேண்டும்? அன்பும் இருக்கிறது, எல்லா வல்லமையும் இருக்கிறது என்று சிறு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்கள், படுக்கையருகே வந்ததும் அன்பை மட்டும் கொண்டுவருகிறார்கள். வல்லமையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். சிலுவையில் தொங்கியவரே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டிருக்கிறார். கேள்வி பதிவாகியிருக்கிறது. பதில் பதிவாகவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை. ஃப்ளோரா.

அவள் வருவாள். கால் கட்டைவிரலிலிருந்து முழங்கால் வரை நீவிவிடுவாள். உதடு அசையாது. முன்பெல்லாம் காய் நறுக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் என் காலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் வேற எதுனா பண்ணிகினு இருந்திருந்தா கவனிச்சிருப்பேன். போன் பாத்துகினு இருந்திருந்தாகூட நீங்க நிறுத்தனது தெரிஞ்சிருக்கும். செபம் சொன்னதாலதான் தெரியல." மறு காலுக்கு மாறி, "ஆண்டவரு கேட்டுகினுதான இருந்தாரு?" என்றாள்.

நான் கண்ணைச் சிமிட்டினேன். எழுத்து அட்டையை எடுத்தாள். அவள் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்த, வேண்டிய எழுத்தில் நான் சிமிட்ட வேண்டும். தமிழில் எழுத்துகள் எத்தனை என்பது அப்படிக் கிடந்து பார்த்தால் தெரியும். உன் மேல் தவறில்லை என்று சொல்ல நினைத்தேன். முதல் சொல் முடிவதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது.

அவள் போன பிறகு யோசித்தேன். அவள் மேல் தவறில்லை என்றால் அடுத்த கேள்வி யார் மேல் என்பதுதான். அவளை விடுவிக்க வேண்டுமென்றால் அவளுடைய கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும். அவரை விடுவித்தால் பழி அவள் மேலேயே இருக்கும். மற்றவர்களுக்கு இது வேதபாட வகுப்பில் பேசும் விஷயம். எனக்கு அது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தது.

நோய் ஏறிய வழியே இறங்கியது. முதலில் மூச்சு, பிறகு கை. குழாயை எடுத்த அன்று கரகரத்த குரலில் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். "உன் மேல தப்பு இல்ல ஃப்ளோரா."

"அப்ப யாரு மேல?"

தொண்டை வலிக்கிறது என்று சைகை காட்டினேன். வலித்தது உண்மைதான்.

பிசியோதெரபி அறையில் கன்னியப்பனை மறுபடி பார்த்தேன். வெளிநோயாளியாக வந்து, இடது கையால் ஒரு ரப்பர் பந்தைப் பிடிக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் ஃப்ளோரா அவரிடம் சொன்னாள், செபத்தின் நடுவில் நான் நின்றதையும் அவள் முடித்ததையும் சேர்த்து.

அவர் பந்தைக் கீழே வைத்தார். "உங்க கத பெரிய பேஜாரும்மா. எனக்குக் கைதான் போச்சு. மேல கேக்க ஆளு இல்ல, அதனால கேள்வியும் இல்ல. காலி ஆபீஸ்ல போய் எவனாவது மனு குடுப்பானா? உங்களுக்கு ஆபீஸும் கீது, உள்ள ஆபீசரும் கீறாருன்றீங்க."

"கீறாருன்னா பதில் சொல்லணும் இல்ல?" என்றாள் ஃப்ளோரா.

"அத என்னாண்ட கேட்டா? நான் அந்த யூனியன்லயே இல்ல."

டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ளோரா, "இத்தன பேர்ல அவரு ஒருத்தர்தான் நியாயமா பேசினாரு" என்றாள். நான் பயந்தேன். அவளுக்கு நம்பிக்கை போய்விடுமே என்பதல்ல பயம். இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்த ஒருவரோடு பேச்சை நிறுத்திவிட்டவள், பழியைத் தனியாகச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்பதுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கோயிலுக்குப் போகவில்லை. அன்பியத்தில் கேட்டவர்களிடம், என்னைத் தனியாக விட முடியாது என்றாள். அதற்குள் நான் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மாலை சூசை அண்ணனும் ஃபாதர் ரெக்ஸும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கையில் வஞ்சிரம் இருந்தது. நல்ல துண்டாகப் பார்த்து வாங்கியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம மொதல் பூசையில வெச்சிடலாம். ஆரோக்கியசாமி உடல்நலம் பெற்றதற்கு நன்றியாகன்னு வாசிச்சிடுவாங்க. அன்பியமே வரும். நீயும் வந்து ரெண்டு வார்த்த சாட்சி சொல்லு ஃப்ளோரா, செபம் எப்புடிக் காப்பாத்துச்சுன்னு."

ஃப்ளோரா மீனை வாங்கிக்கொள்ளவில்லை. "செபம் எப்புடிக் காப்பாத்துச்சுன்னு சொல்லட்டுமாண்ணா? நெஜமாவே சொல்லட்டுமா?"

அவருக்குப் புரியவில்லை. நர்ஸ் கேட்ட கேள்வியை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஐசியூ வாசல்ல என் கூட ஒரு அம்மா உக்காந்துகினு இருந்தாங்க" என்றாள் ஃப்ளோரா. "வியாசர்பாடி. நம்ம சபதான். என்னவிட அதிகமா செபம் சொன்னாங்க. அவங்க பொண்ணு போயிடுச்சு. நான் நன்றின்னு எந்திரிச்சு நின்னா, அந்தப் பொண்ணுக்கு ஆண்டவர் இன்னா பண்ணாருன்னு சொல்றது? சொல்லுங்க ஃபாதர்."

"அதுக்கு ஒரு பெரிய நோக்கம் இருக்கும்மா" என்று அண்ணன் தொடங்கினார்.

"நீங்க கொஞ்சம் இருங்கண்ணா" என்றார் ஃபாதர் ரெக்ஸ். பிறகு ஃப்ளோராவைப் பார்த்தார். "எனக்குத் தெரியலம்மா."

மருத்துவமனையில் அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அது சிறியது. ஃப்ளோரா மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"பூச வைங்க. நானும் வரேன். நன்றின்னு வாசிச்சா எந்திரிச்சு வெளிய போயிடுவேன்."

"வேற எப்படி வாசிக்கிறது?"

"பேர மட்டும் வாசிங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. அவருக்குத் தெரியும்னா தெரியட்டும்."

ஞாயிறு காலை முதல் பூசைக்கு அவள் போனாள். எங்கள் கோயிலில் பூசைக் கருத்துகளை, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை, உபதேசியார் வாசிப்பார். பிறந்தநாள், திருமண நாள், நன்றி என்று காரணத்தோடு வருபவை முதலில். அதன் பிறகு இறந்தோர் பெயர்கள். காரணம் எழுதாத ஒரு பெயரை எங்கே சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இறந்தோர் பெயர்களுக்குப் பின்னால், கடைசிப் பெயராக வாசித்துவிட்டார்.

ஃப்ளோரா திரும்பி வந்தாள். சமையலறைக்குப் போய் மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். என்னோடு பத்திரிகையில் பக்கம் வடிவமைத்த சேகர் நின்றிருந்தான். தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருக்கிறான். அவன் மனைவி எங்கள் கோயிலுக்கு வருபவள். பூசை முடிந்ததும் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். கையில் பெரிய ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"டேய்... உன் பேர வாசிச்சாங்களாமே!"

"வாசிச்சாங்க."

"இப்ப இத இன்னா பண்றது?"

ஃப்ளோரா உள்ளேயிருந்து வந்தாள். சேகரையும் என்னையும் மாலையையும் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மாலையை வாங்கி, சுவரிலிருந்த இருதய ஆண்டவர் இயேசுவின் படத்துக்குப் போட்டாள்.